மருமகன் வீட்டு நத்தார் விருந்து

வன்னிப் பெருநிலப்பரப்பில் மார்கழி மாதம் என்பது மாரியின் நடுக்கூறு. காலபோக நெல் பச்சைப் பசேலென வளர்ந்து நிற்கும். குளங்கள் நிரம்பி வான் பாயும். இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டனவா என்பதே கிளிநொச்சிச் சந்தையில் அன்றாடப் பேச்சாக இருக்கும். ஒழுங்கைகள் சேறாகி, துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டே போகவேண்டிய அக்காலத்திலேதான் நத்தார்ப் பண்டிகையும் வந்து சேர்கிறது. போத்துக்கேயர் தம் மொழியில் வழங்கிய சொல்லை ஈழத்தமிழர் நத்தார் எனத் தமிழாக்கி நானூறு ஆண்டுகளாகத் தம்முடைய சொல்லாகவே வைத்திருக்கின்றனர். வைக்கோலும் பனையோலையும் கொண்டு பாலன் குடில் அமைத்தல், குடை பிடித்துக்கொண்டு நடுச்சாமப் பூசைக்குப் போதல், விடிந்ததும் பயற்றம் பணியாரமும் கேக்கும் வைத்த தட்டை வேலிக்கு அப்பால் உள்ள சைவ அயலவருக்கு அனுப்புதல், அந்தத் தட்டு தைப்பொங்கலன்று முறுக்கும் பொங்கலுமாகத் திரும்பி வருதல் என்பன இங்கே பலரும் அறிந்தவை.

இவ்வளவும் நிகழ்கின்ற வீட்டிலே ஒரு கேள்வி மட்டும் வாய்விட்டுப் பேசப்படாமல் நிற்பதுண்டு. இம்முறையேனும் அவர் வருவாரா என்பது அக்கேள்வி. காணி எல்லைக்காகவோ, சீதனத்துக்காகவோ, பிள்ளை தன் விருப்பப்படி மணம் முடித்தமைக்காகவோ பேச்சுப் பறைச்சல் அற்றுப்போன ஓர் உறவினர் பெரும்பாலான குடும்பங்களில் உண்டு. நன்மை தின்மைக்கும் அவர் வருவதில்லை. பண்டிகை நாளில் அவருடைய வெற்றிடம் மற்றைய நாள்களிலும் பார்க்கப் பெரிதாகத் தோன்றும். ஏனைய நாள்களில் வேலை அதனை மறைத்துவிடும். விருந்து நாளிலோ பாய் விரித்து இலை போடுகின்றபோது எண்ணிக்கை குறைவது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வெற்றிடத்தைப் பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுந்த ஒரு சிறு நூல் உலகம் முழுவதும் இன்றும் வாசிக்கப்படுகிறது. சார்ள்ஸ் டிக்கின்ஸ் எழுதி 1843 ஆம் ஆண்டு மார்கழி 19 ஆம் நாள் இலண்டனில் வெளியான நத்தார்க் கீதம் என்னும் கதையே அது. பேய்களும் ஆவிகளும் உலாவும் கதை என்றும், உலோபி ஒருவன் திருந்திய கதை என்றும், ஏழைகளுக்கு இரங்கும்படி செல்வரை ஏவும் கதை என்றும் அதனை வகைப்படுத்துவர். அவை யாவும் உண்மையே. ஆயினும் தமிழ்க் குடும்பமொன்றில் வளர்ந்த ஒருவர் அதனை வாசிப்பாராயின், வேறொரு கதை முந்திக்கொண்டு முன்னே வந்து நிற்கும். அஃது ஓர் அம்மானும் அவருடைய மருமகனும் பற்றிய கதை.

ஆங்கிலத்திலே தந்தையுடன் பிறந்தவரும் தாயுடன் பிறந்தவரும் ஒரே சொல்லால் சுட்டப்படுவர். தமிழோ அவ்வாறு விட்டுவிடுவதில்லை. தந்தையின் உடன்பிறந்தவர் பெரியப்பா அல்லது சித்தப்பா. தாயின் உடன்பிறந்தவர் அம்மான். உடன்பிறந்தானின் பிள்ளை பெறாமகன். உடன்பிறந்தாளின் பிள்ளை மருமகன். பெயர் வேறாக இருப்பது போலவே கடமையும் வேறு. காது குத்தும்போது மடியில் வைத்திருப்பவர் அம்மான். சாமத்தியச் சடங்கிலே தேங்காய் உடைத்து முதல் நீர் வார்ப்பவர் அம்மான். தங்கை இறந்துவிட்டால் அவளுடைய பிள்ளைக்கு உலகத்திலே தாய்வழி நிழலாக எஞ்சி நிற்பவரும் அவரே. டிக்கின்ஸின் கதையில் வரும் எபனேசர் ஸ்குரூஜ், பிரெட் என்னும் இளைஞனுக்கு எவ்வகை உறவினர் என்பதை ஆங்கில வாசகர் முதற் பகுதியில் அறிந்துகொள்ள வழியில்லை. இரண்டாம் பகுதியிலேதான் அவருடைய தங்கை ஃபான் வருகிறாள். அவள் இறந்தவள் என்றும், ஒரே பிள்ளையை விட்டுச் சென்றவள் என்றும், அப்பிள்ளையே பிரெட் என்றும் தெரிய வருகின்றது. அந்தக் கணத்திலே தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். உலோபி என்று அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனிதர், தங்கை பிள்ளைக்குச் செய்யவேண்டிய முறையை மறந்த அம்மான் என்று அறியும்போது குற்றத்தின் நிறம் மாறிவிடுகிறது.

கதை நத்தாருக்கு முதல்நாள் மாலையில் தொடங்குகிறது. பனிமூட்டம் மூடிய இலண்டனில் ஸ்குரூஜின் கணக்கறை. எழுதுவினைஞர் பொப் கிராச்சிற் ஒரேயொரு கரித்துண்டின் சூட்டிலே குளிர்காய முயல்கிறார். அவ்வேளை பிரெட் உள்ளே வந்து வாழ்த்துக் கூறி, மறுநாள் மதிய விருந்துக்கு வரும்படி அம்மானை அழைக்கிறான். ஸ்குரூஜ் மறுக்கிறார். மறுப்பதற்கு அவர் எடுத்துவிடும் காரணம் கவனிக்கத்தக்கது. நீ ஏன் மணம் முடித்தாய் என்று கேட்கிறார். விரும்பினேன், முடித்தேன் என்கிறான் மருமகன். அதனிலும் மூடத்தனமானது ஒன்று உண்டோ என்பதே அம்மானின் முகக்குறிப்பு. தன் மனம் போல மணந்தான் என்பதனால் அவனுடைய வாசலை மிதிப்பதில்லை என்பது அவர் நிலை. மணத்துக்கு முன்பும் நீங்கள் வந்ததில்லையே என்று பிரெட் பணிவாகச் சுட்டிக் காட்டுகிறான். கோபத்துக்குக் காரணம் தேடிக் கண்டுபிடிக்கும் வழக்கம் இலண்டனுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

வன்னியின் சொந்த இலக்கியத்திலும் இதற்கு ஓர் உறவுக் கதை உண்டு. அ. பாலமனோகரன் எழுதி 1973 ஆம் ஆண்டு வீரகேசரி வெளியீடாக வந்த நிலக்கிளி என்னும் நாவல் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. அதிலே கதிராமன் என்னும் இளைஞன் பதஞ்சலியை விரும்பி மணம் முடிக்கிறான். அதனை ஏற்க மறுத்த தந்தை கோணாமலையார் மகனை வீட்டைவிட்டு நீக்கிவிடுகிறார். காட்டை வெட்டித் தனியே குடில் அமைத்து அவர்கள் வாழத் தொடங்குகின்றனர். இலண்டன் வணிகருக்கும் தண்ணிமுறிப்பு விவசாயிக்கும் இடையில் கடலும் நூற்றுமுப்பது ஆண்டுகளும் கிடக்கின்றன. எனினும் பெரியவர் கோபித்துக் கதவை அடைக்கும் காரணம் ஒன்றே. அதற்கும் முன்பே, 1914 இல், மங்களநாயகம் தம்பையா அம்மையார் நொறுங்குண்ட இருதயம் என்னும் நாவலில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இல்லறத்தின் துயரத்தை எழுதியிருந்தார். குடும்ப உறவைப் பொருளாகக் கொள்வதில் ஈழத்து நாவல் பின்தங்கியதன்று. ஆனால் பண்டிகை நாள் ஒன்றையே களமாக்கி, அந்த ஒரு நாளின் எல்லைக்குள் உறவு முறிவதையும் சேர்வதையும் காட்டிய நூல் என்று தேடும்போது டிக்கின்ஸையே மீண்டும் நாடவேண்டியிருக்கிறது.

அவர் இதனை எழுத நேர்ந்த விதமும் அறியத்தக்கது. 1843 ஆம் ஆண்டிலே தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் பிள்ளைகள் படும்பாடு பற்றிய அரசாங்க அறிக்கையொன்று வெளியானது. அதனை வாசித்த டிக்கின்ஸ் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுத எண்ணினார். பின்னர், பிரசுரத்திலும் கதையே மிகுந்த வன்மையுடன் தைக்கும் என மனம் மாறினார். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய ஆறு வாரங்களில் நூல் முற்றுப்பெற்றது. இரவில் இலண்டன் வீதிகளிலே பல மைல் தூரம் நடந்துகொண்டே கதையைச் சிந்தித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஜோன் லீச் என்பவர் வரைந்த வண்ணப்படங்களுடன் அச்சான 6,000 பிரதிகளும் நத்தாருக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. விலை 5 சிலிங். கதையில் வரும் பொப் கிராச்சிற்றின் வாரச் சம்பளம் 15 சிலிங். தன் குடும்பத்தைப் பற்றிய புத்தகத்தை வாங்குவதற்கு அவர் வாரச் சம்பளத்தில் மூன்றிலொன்றைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்! அழகிய கட்டும் வண்ணப்படமும் செலவைக் கூட்டியமையால் ஆசிரியருக்கும் எதிர்பார்த்த இலாபம் கிடைக்கவில்லை. ஆயிரம் பவுண் எதிர்பார்த்தார். முதற் பதிப்பிலே கையில் வந்தது 230 பவுண் அளவே.

ஆனால் அறிக்கை மட்டும் இக்கதையை எழுதுவிக்கவில்லை. டிக்கின்ஸுக்கு 12 வயதானபோது, 1824 இல், தந்தை கடன் கொடுக்க முடியாமல் சிறைவைக்கப்பட்டார். தாயும் சிறிய பிள்ளைகளும் அக்காலத்து வழக்கப்படி அச்சிறையிலேயே போய்க் குடியிருந்தனர். சிறுவன் மட்டும் வெளியே தனி அறையில் தங்கி, சப்பாத்து மினுக்கும் மை செய்யும் தொழிற்சாலையில் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டினான். அவனுடைய தமக்கை ஃபனி அதே காலத்தில் இசைக் கல்லூரியிற் கற்றுப் பரிசு பெற்றாள். தமக்கை பரிசு வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்த இரவில், தன்னை இந்த இழிவிலிருந்து மீட்கும்படி இறைவனை வேண்டி அழுததாக அவர் பின்பு எழுதிவைத்தார். இச்செய்தியை அவர் 1870 இல் மறைந்த பின்னரே உலகம் அறிந்தது. தமக்கையிடத்து அவருக்குப் பொறாமை எழவில்லை, பாசமே வளர்ந்தது. நத்தார்க் கீதத்தில் தங்கைக்கு ஃபான் என்ற பெயரை அவர் வைத்தது தற்செயல் ஆகாது. ஃபனியின் மகன் ஹென்றி உடல்நலம் குன்றிய பிள்ளை. கதையில் ஊன்றுகோலுடன் வரும் சின்ன ரிம் என்னும் சிறுவனுக்கு அப்பிள்ளையே முன்மாதிரி என்பர். 1848 இல் ஃபனி காசநோயால் இறந்தார். மறு ஆண்டில் ஹென்றியும் இறந்தான். ஆகவே டிக்கின்ஸும் ஓர் அம்மானே. மருமகனை எண்ணிக்கொண்டு எழுதிய அம்மான்.

இனிக் கதைக்குத் திரும்புவோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் இறந்த கூட்டாளி மார்லியின் ஆவி அன்றிரவு ஸ்குரூஜின் அறைக்கு வருகிறது. அதன் பின் மூன்று ஆவிகள், கடந்த நத்தார், நிகழும் நத்தார், வரப்போகும் நத்தார் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றன. முதல் ஆவி அவரை அழைத்துச் செல்லும் இடம் ஒரு பழைய பாடசாலை. விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாரும் வீடு சென்றுவிட்டனர். ஒரேயொரு சிறுவன் மட்டும் தனித்து இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் ஸ்குரூஜ். தந்தை அவனை வீட்டுக்கு அழைக்கவில்லை. விடுதிச்சாலையில் பண்டிகை நாளன்று தனியே விடப்பட்ட பிள்ளையைக் கண்ட எந்த ஆசிரியருக்கும் அந்தக் காட்சியில் விளக்கம் தேவைப்படாது. பின்னர் ஓர் ஆண்டு ஃபான் ஓடி வருகிறாள். அப்பாவின் மனம் இளகிவிட்டது, வீட்டுக்கு வா அண்ணா என்று கைகொட்டி அழைக்கிறாள். அழைக்கப்படாதிருந்த பிள்ளையை அழைத்து வந்தவள் அவள் ஒருத்தியே.

இந்த இடத்திலே நூலின் கட்டுக்கோப்பு விளங்கும். முதல்நாள் கணக்கறைக்கு வந்து விருந்துக்கு அழைத்தவன் யார்? ஃபானின் மகன். தாய் செய்த அதே காரியத்தை மகனும் செய்கிறான். தனித்திருப்பவனை வீட்டுக்கு அழைத்தல் அக்குடும்பத்தில் தாய்வழியாக வந்த முதுசொம். தங்கை அழைத்தபோது ஓடிச் சென்ற அண்ணன், தங்கையின் பிள்ளை அழைத்தபோது வாசலைக் காட்டினான். ஆவி அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததல்லவா என்று மட்டும் கேட்கிறது. ஸ்குரூஜ் மனம் குழம்பியவராய், ஆம் என்கிறார். உரைநடையிலே இதனிலும் அடக்கமாக ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டதில்லை.

நிகழும் நத்தாரின் ஆவி காட்டும் கிராச்சிற் வீட்டு விருந்தே நூலில் மிகப் புகழ்பெற்ற பகுதி. ஆறு பிள்ளைகள். ஒரு வாத்து. வீட்டில் அதனை வாட்டும் அடுப்பு இல்லாமையால் வெதுப்பகத்தில் கொடுத்து வாட்டி எடுக்கின்றனர். மூத்த மகன் தந்தையின் கழுத்துப்பட்டியை அணிந்து பெருமை கொள்கிறான். வேலைக்குப் போன மகள் வேடிக்கைக்காக ஒளித்துக்கொள்கிறாள். தந்தையின் முகம் வாடக் கண்டதும் வேடிக்கையைக் கைவிட்டு ஓடி வருகிறாள். இவை இனிய காட்சிகள். சற்றே அளவுக்கு மிஞ்சி இனிக்கின்றன என்றும் சொல்லவேண்டும். வறிய வீட்டிலே சோறு போதாதபோது பிள்ளைகள் சண்டை பிடிப்பதுமுண்டு. டிக்கின்ஸ் அதனை அறியாதவர் அல்லர். அந்த வீட்டிலே உண்மையின் உப்பு உறைப்பது ஓரிடத்தில்தான். பொப் தம் முதலாளியின் நலத்துக்காகப் பானம் அருந்த முன்வருகிறார். மனைவி சீறுகிறாள். அந்தக் கல்நெஞ்சருக்கு இந்த வீட்டிலே வாழ்த்தா என்கிறாள். பின்னர், அவருக்காக அன்று, உங்களுக்காகவும் இந்த நாளுக்காகவும் என்று சொல்லிக் குடிக்கிறாள். பிள்ளைகளும் குடிக்கின்றனர்; ஆனால் அந்தப் பெயர் விழுந்த பின் ஐந்து நிமிட நேரம் வீட்டில் இருள் கவிந்தே இருக்கிறது. கணவனின் பணிவையும் மனைவியின் நியாயமான சினத்தையும் ஒரே மேசையில் அமர்த்திய அவ்விடம் அருமையானது.

அதே வீட்டின் மூலையில் சின்ன ரிம்மின் சிறு இருக்கை இருக்கிறது. எதிர்காலம் மாறாதாயின் அடுத்த ஆண்டு அவ்விருக்கை வெறுமையாகும், ஊன்றுகோல் மட்டும் எஞ்சியிருக்கும் என்கிறது ஆவி. வன்னியிலே இதனை வாசிப்பவர் விரைந்து கடந்துபோக மாட்டார். இங்கே நத்தாரை அண்டிய நாள்களுக்குக் கொடிய நினைவுகள் உண்டு. 1964 ஆம் ஆண்டு மார்கழி 22, 23 ஆம் நாள்களில் வீசிய பெரும் புயல் வடபகுதியைச் சிதைத்து, அக்கரையிலே தனுஷ்கோடியையும் கடலுக்கு இரையாக்கியது. 2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துச் சென்றது. முதல்நாள் அணிந்த புத்தாடை உலருமுன் பிள்ளைகள் போயினர். 2009 ஆம் ஆண்டுப் போரின் முடிவில் செட்டிகுளத்து முகாம்களில் பல்லாயிரம் பேர் ஒருவரையொருவர் தேடித் திரிந்தனர். தேடிக் கிடைக்காதோர் பலர். ஆகவே இங்குள்ள வீடுகளில் வெறுமையான இருக்கை என்பது கதையில் வரும் அச்சுறுத்தல் மாத்திரம் அன்று.

அதனால் ஒரு வேறுபாடும் தெளிவாகிறது. ரிம்மின் இருக்கை போன்றது ஒரு வெறுமை. பிரெட்டின் மேசையில் ஸ்குரூஜுக்காக வைத்த இருக்கை மற்றொரு வெறுமை. முன்னையது மரணத்தினாலோ காணாமற் போதலினாலோ வருவது. அதனை நிரப்ப எவராலும் இயலாது. பின்னையதோ, நான்கு தெரு தள்ளி உயிரோடு இருக்கும் ஒருவர் எழுந்து வந்தால் நிரம்பிவிடும். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதிலேதான் டிக்கின்ஸின் நுட்பம் இருக்கிறது. இழந்தவரை மீட்க வழியில்லாத பலர் வாழும் ஊரிலே, உயிரோடிருப்பவர் வேலிச் சண்டைக்காக முகம் திருப்பிக்கொண்டு வாழ்வதைப் பார்க்கும்போது இந்த நூலின் கருத்து இலண்டனிலும் பார்க்க இங்கேயே ஆழமாக உறைக்கும்.

ஸ்குரூஜின் வாயில் வரும் ஒரு கேள்வியும் குடும்பத்தோடு தொடர்புடையதே. ஏழைகளுக்காக நிதி கேட்டு வந்த இருவரிடம், சிறைகள் இல்லையா, வேலைச்சாலைகள் இயங்கவில்லையா என்று அவர் கேட்கிறார். 1834 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஏழைகள் சட்டத்தின்படி, உணவுக்கு வழியற்றோர் வேலைச்சாலையிற் சேர வேண்டும். சேர்ந்தால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் எனப் பிரிக்கப்படுவர். எனவே அந்தக் கேள்வியின் பொருள், வறியவனுக்குக் குடும்பம் வேண்டாம் என்பதே. கிராச்சிற் வீட்டில் ஒரே வாத்தைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருப்பது, அவர்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதன் அடையாளம். அதே 1840களில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காடுகளினூடாகக் கால்நடையாக மாத்தளையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிச் சென்றனர். வழியிலேயே இறந்தவர் மிகப் பலர். அக்கோப்பி கப்பலேறி இலண்டன் கணக்கறைகளின் பேரேடுகளில் வெறும் எண்களாகப் பதிவாகியது. ஸ்குரூஜின் பேரேட்டில் என்ன எழுதியிருந்தது என்று டிக்கின்ஸ் விரித்துச் சொல்லவில்லை. அத்தகைய பேரேடுகளின் மறுபக்கம் இந்நாட்டிலும் இருந்தது.

மூன்றாம் ஆவி வாய் திறப்பதில்லை. இறந்து கிடக்கும் ஒருவனைக் காட்டுகிறது. அவனுக்காக அழுவார் எவருமில்லை. படுக்கைத் திரையையும் களவெடுத்து விற்கின்றனர். செத்தவீட்டுக்கு ஆள் வராமை தமிழரிடையே பெருந்தண்டனையாகக் கருதப்படுவது. எத்தனை பகையிருந்தும் செத்தவீட்டுக்குப் போகவேண்டும் என்பது ஊர்முறை. அந்த முறையும் எட்டாத தனிமை ஸ்குரூஜுக்கு விதிக்கப்பட்டது. அதற்கு மாறாக, ரிம்மை இழந்து நிற்கும் பொப்பை வீதியில் தற்செயலாகக் கண்ட பிரெட், நின்று துக்கம் விசாரித்து, தன் விலாசச் சீட்டைக் கொடுத்து, ஏதும் உதவி வேண்டுமாயின் வரும்படி சொன்னதாக ஒரு சிறு செய்தி வருகிறது. பலர் இதனைக் கவனியாது விடுவர். அம்மானின் எழுதுவினைஞர் பிள்ளைக்கு அம்மான் செய்யவேண்டியதை மருமகன் செய்கிறான்.

விடிந்ததும் ஸ்குரூஜ் செய்யும் காரியங்கள் இரண்டு வகையின. பெரியதொரு வான்கோழியை வாங்கிக் கிராச்சிற் வீட்டுக்கு, அனுப்பியவர் யாரெனத் தெரியாதபடி அனுப்பிவிடுகிறார். மறுநாள் சம்பளத்தையும் உயர்த்துகிறார். அவர்களுக்கு அவர் கொடுக்கவேண்டியிருந்தது பணம், பணத்தைக் கொடுத்தார். மருமகனுக்கோ அவர் ஒன்றும் அனுப்பவில்லை. பிரெட் அவரிடம் ஒருபோதும் பணம் கேட்டவன் அல்லன். அவனுக்குக் கொடுபடவேண்டியிருந்தது அம்மானின் வருகை. அதனை ஆள்விட்டு அனுப்ப முடியாது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வன்னிக்கு மாதந்தோறும் வரும் பணத்தால் எத்தனையோ வீடுகள் கூரை கண்டன, பிள்ளைகள் படித்தனர். அதனை எவரும் குறைத்துச் சொல்லார். ஆயினும் வங்கிச் சீட்டை மடித்து வைத்துவிட்டு, இந்தப் பெருநாளுக்காவது பிள்ளை வருமோ என்று தெருவைப் பார்த்திருக்கும் முதியோருக்கு ஸ்குரூஜ் பிரித்தறிந்த அந்த வேறுபாடு நன்கு தெரியும்.

மருமகன் வீட்டுக்குப் போவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. பேயையும் ஆவியையும் கண்டு மீண்ட மனிதர், வான்கோழி வாங்கும்போது கூத்தாடிய மனிதர், பிரெட்டின் வாசலை அடைந்ததும் தயங்குகிறார். கதவைத் தட்டத் துணிவு வருமுன் பன்னிரண்டு முறை அதனைக் கடந்து நடந்ததாக டிக்கின்ஸ் கணக்குச் சொல்கிறார். பழைய நண்பனின் படலைவரை சென்று, நாய் குரைத்ததைச் சாட்டாக வைத்துத் திரும்பிவந்த பெரியவர்கள் நம் ஊர்களிலும் உளர். ஈற்றில் தட்டுகிறார். உள்ளே சென்று, விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லி, தன்னை ஏற்பாயா என்று மருமகனைக் கேட்கிறார். மூத்தவர் இளையவரிடம் கேட்கிறார் என்பதே இங்கு முக்கியம். நம் சமுதாயத்தில் சமாதானம் என்பது பெரும்பாலும் இளையவர் வந்து பெரியவர் காலில் விழுவதாக முடியும். பிழை பெரியவருடையதாக இருந்தாலும் வழக்கம் அதுவே. டிக்கின்ஸ் அந்தப் படியை மாற்றி வைத்தார். பிழை விட்டவரே நடந்து போகவேண்டும், அவர் நரைத்தவராயினும்.

பிரெட்டையும் மறந்துவிடலாகாது. ஆண்டுதோறும் அவன் அழைக்கிறான், ஆண்டுதோறும் மறுக்கப்படுகிறான். இருந்தும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் அழைத்தே தீருவேன் என்று மனைவியிடம் சொல்கிறான். அந்த அழைப்பு ஒருமுறை நின்றிருந்தால், ஸ்குரூஜுக்கு நத்தாரன்று தட்டுவதற்கு ஒரு கதவு இருந்திராது. ஒரே இரவில் மனிதர் மாறுவரோ எனக் கேட்டு இந்நூலைக் குறைகூறியோர் உண்டு. மாற்றம் ஒரே இரவில் வந்திருக்கலாம். அதனை ஏற்றுக்கொள்ளும் வீடோ பல ஆண்டுகளாக ஆயத்தமாக இருந்தது.

நூலாசிரியரின் சொந்த இல்லறம் இவ்வளவு இனிதாக முடியவில்லை. 1836 இல் கதரினை மணந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்ற டிக்கின்ஸ், 1858 இல் மனைவியைப் பிரிந்தார். குடும்ப அடுப்பங்கரையின் புகழைப் பாடியவர் தம் வீட்டிலே அதனைக் காக்கவில்லை. எனினும் இக்கதையை அவர் கைவிடவில்லை. 1853 ஆம் ஆண்டு மார்கழியில் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் இதனை உரத்து வாசித்தார். மூன்று நாள் வாசிப்பில் ஒருநாள் தொழிலாளருக்கெனக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கப்படவேண்டும் என அவரே கேட்டுக்கொண்டார். 1870 ஆம் ஆண்டு பங்குனி 15 ஆம் நாள் இலண்டனில் அவர் செய்த கடைசி வாசிப்பிலும் இக்கதை இடம்பெற்றது. மூன்று மாதங்களுக்குள் அவர் காலமானார்.

காதாற் கேட்பதற்கு ஏற்ற கதை இது. ஐந்து பகுதிகளாக அமைந்தது. ஒரு பகுதியை ஓர் இரவில் வாசித்துவிடலாம். ஆங்கிலம் அறிந்த ஒருவர் வாசித்துத் தமிழிற் சொல்லிவர, கூரையில் மழை விழும் ஓசையோடு வீட்டார் கேட்டிருப்பின், மார்கழி 20 இல் தொடங்கினால் 24 ஆம் நாள் இரவு, பூசை மணி அடிப்பதற்கு முன், ஸ்குரூஜ் மருமகனின் கதவைத் தட்டிவிடுவார்.